காத்திருப்பதை நிறுத்திய ஊர்

செங்காட்டுப்பாளையத்தில் காத்திருப்பது என்ற பழக்கம் நின்றுபோனது மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு. அந்த நேரத்தில் கோகிலவாணியின் போன் அடித்தது. எடுத்தால் ரிட்டையர்டு தலைமையாசிரியை சரோஜினியின் குரல், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வாசிக்கிற தோரணையில், "பால்காரர் வந்துவிட்டார்" என்றது. கோகிலவாணி கதவைத் திறந்தாள். பால்காரர் அப்போதுதான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். அவள் பாலை வாங்கிக் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்துவிட்டு, எட்டரை மணிக்கு வேலைக்குப் போய், முதலாளி சென்னியப்பனிடம், கருவி நன்றாக வேலை செய்கிறது, கேட்டதற்கு மேலேயும் கொஞ்சம் செய்கிறது என்று தகவல் சொன்னாள்.

சென்னி கன்ட்ரோல்ஸ் என்பது பழைய தறிக் குடோன் ஒன்றைத் தடுத்துக் கட்டிய ஆறு பேர் கம்பெனி. தோட்டத்துக் கிணற்று மோட்டாரோடு மாட்டுகிற பெட்டி செய்வார்கள். த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் பெட்டி விவசாயிக்குப் போன் போட்டுச் சொல்லும், போனால் சொல்லும், கிணறு வற்றினால் சொல்லும், மோட்டார் சூடேறினால் சொல்லும். இந்த நாலு வாக்கியத்துக்காக வெளியாள் பிடிப்பானேன் என்று சென்னியப்பன் தன் மனைவி சரோஜினியையே பேசவைத்துப் பதிந்திருந்தார். பெட்டிக்குள் இருக்கிற சின்னச் சில்லுக்கு சி மொழியில் நிரல் எழுதுவது கோகிலவாணி. வயது முப்பத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை, அந்தப் பேச்சை வீட்டில் எடுப்பதை அவள் அம்மா இரண்டு தீபாவளிக்கு முன்பே விட்டுவிட்டார்.

ஒரு விஷயம் நடந்ததா என்று தெரிந்துகொள்ள நிரலில் இரண்டு வழி உண்டு. கல்யாண வீட்டில் பந்தி போட்டாச்சா, போட்டாச்சா என்று நிமிஷத்துக்கொரு தரம் சமையல்கட்டை எட்டிப் பார்ப்பது ஒரு வழி. சமையல்காரரிடம் நம்பரைக் கொடுத்து, "போட்டதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்பது இன்னொரு வழி. கோகிலவாணிக்கு முதல் வழி பிடிக்காது, அதை நச்சரிப்பு என்பாள். இரண்டாவது வழியில்தான் எல்லாம் எழுதுவாள். ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஏறக்குறைய அதே இருபது வரிகளைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அடித்து அடித்துச் சலித்தவள் அதற்கென்று ஒரு கருவி செய்தாள். அதற்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் "கூப்பிடு" என்று தட்டி, பக்கத்தில் எது நடந்தால் கூப்பிட வேண்டும் என்பதையும் தட்டினால், அதற்கான சி நிரலைக் கருவியே எழுதித் தந்துவிடும். தலைப்பு, அடைப்புக்குறி, இதுவரை எத்தனை முறை கூப்பிட்டது என்று எண்ணிவைக்கிற ஒரு வரி, எல்லாம் இருக்கும். ஒன்றை மட்டும் எழுதாது. கூப்பிட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பது கருவிக்குத் தெரியாதல்லவா, அதனால் நடுவில் ஓரிடத்தைக் காலியாக விட்டு, "செய்ய வேண்டியதை இங்கே எழுதவும்" என்று குறிப்புப் போட்டுவைக்கும். இன்ன நம்பருக்குப் போன் போடு என்று அந்த இடத்தில் ஆள்தான் எழுத வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் கருவியைச் சோதித்துப் பார்க்க வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைக் கொடுப்போம் என்று "பால்காரர் வந்தால்" என்று தட்டி, காலி இடத்தில் தன் நம்பரை எழுதி, மேஜைமேல் இருந்த சோதனைப் பெட்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். நடந்தது அவ்வளவுதான். எப்படி நடந்தது என்று ஊரில் யாரும் பிற்பாடு கேட்கவில்லை. சென்னியப்பன் மட்டும், பதிந்து கொடுத்தது நாலு வாக்கியமாயிற்றே, ஐந்தாவதை அவள் எப்போது பேசினாள் என்று யோசித்து, "நாலோட நிறுத்தறவளா அவ" என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

விஷயம் சனிக்கிழமைச் சந்தைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. திங்கட்கிழமை கம்பெனி வாசலில் நாற்பது செருப்பு கிடந்தது. சினை மாடு கன்று போடும் நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லி ஏழு பேர் வந்தார்கள், மாமியார் தன் ஊரில் பஸ் ஏறினால் கூப்பிடச் சொல்லிப் பதினொரு மருமகள்கள் வந்தார்கள், பாவு நூல் அறுந்தால் கூப்பிடச் சொல்லித் தறிக்காரர்கள் வந்தார்கள், சாம்பார் அடிப்பிடிக்கிற நிமிஷத்துக்கு முந்தின நிமிஷம் கூப்பிடச் சொல்லிச் சத்துணவு ஆயா வந்தார். கோகிலவாணி ஒவ்வொருவருக்கும் கறுப்புத் திரையில் தட்டி, வந்த நிரலின் காலி இடத்தில் அவரவர் நம்பரை எழுதி, மேஜைப் பெட்டியில் ஏற்றிக்கொடுத்தாள். மாரியம்மன் கோயில் சாமியாடி, அருள் புறப்படும்போதே கூப்பிட்டால் குளித்துத் தயாராக இருக்கலாம் என்றார். சித்திரையில் நடந்த கோயில் பொங்கலுக்கு ஆத்தா வருவதற்கு அரை மணி முன்பே அவருக்குப் போன் வந்தது. முகச்சவரம்கூட முடித்துக்கொண்டு நிதானமாக வந்து ஆடினார். எண்பத்திரண்டு வயது பெரிய ராக்கியண்ணன், தான் சாகப்போகிற நேரத்துக்குப் போட்டுத் தரச் சொன்னார். யாருக்குப் போன் போட வேண்டும் என்று கோகிலவாணி கேட்டாள்.

"மருமகளுக்குத்தான் அம்மிணி. முன்னாடியே தெரிஞ்சா அவ துணி ஊறப்போட மாட்டா" என்றார்.

இப்படியாக ஊர் காத்திருப்பதை விட்டது. நாலாம் நம்பர் டவுன் பஸ் ஸ்டாப்பில் ஆளே இல்லாததைப் பார்த்து டிரைவர் நிறுத்தாமல் போகப் பார்த்தார், அதற்குள் சந்து பொந்திலிருந்தெல்லாம் முப்பது பேர் ஒரே நேரத்தில், தலை சீவி, பவுடர் போட்டு, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ரேஷன் கடையில் வரிசை கிடையாது, அவரவர் முறை வந்ததும் அவரவர் வந்தார்கள். சலூன் பெஞ்சில் பூனை படுத்தது. டாக்டர் வீட்டு வாசலில் இருமுவதற்குக்கூட ஒருவரும் இல்லை. மிச்சமான நேரத்தை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை, சிலர் பல்லாங்குழி ஆடினார்கள், இரண்டு பேர் பங்காளிச் சண்டையை நிறுத்தினார்கள், நீச்சல் தெரியாத ஐந்து ஆண்கள் வாய்க்காலில் இறங்கி நீச்சல் கற்றார்கள். பார்க்கிறவர் முகமெல்லாம் லேசான போதை ஏறியவர் முகம் மாதிரி இருந்தது.

கெட்டது ஒருவர் பிழைப்பு மட்டும். பஸ் ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருந்த நஞ்சப்பன் கோபத்தோடு கம்பெனிக்கு வந்தார்.

"காத்திருக்கறவன்தானுங்க அம்மிணி டீ குடிப்பான். எவனுமே காத்திருக்கலீன்னா நானென்ன, பால நானே குடிக்கறதா?"

அவருக்கும் வழி இருந்தது. ஊரில் எவருக்காவது டீ குடிக்கத் தோன்றினால் நஞ்சப்பனைக் கூப்பிட வேண்டும் என்று கோகிலவாணி தட்டிக்கொடுத்தாள். அதிலிருந்து அவர் மொபெட்டில் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, தோன்றியவர் வாய் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். இதில் ஒரு சங்கடம், மனிதருக்கு டீ குடிக்கத் தோன்றுவது எத்தனை தடவை என்பதை அவர் அதற்கு முன் அறிந்ததில்லை.

காத்திருக்காத அந்த ஊரில் காத்துக்கொண்டிருந்த ஆள் ஒருத்தி இருந்தாள். அது கோகிலவாணி.

லைன்மேன் மருதாசலம் தினமும் பதினொரு மணிக்குக் கம்பெனிக்கு வருவார். நாளைக்கு த்ரீ பேஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுவார், கொடுத்த தண்ணீரைக் குடிப்பார், டம்ளரைக் கவிழ்த்து வைப்பார், கொஞ்ச நேரம் நிற்பார், "வாரனுங்க மேடம்" என்பார், போய்விடுவார். நாற்பத்து நாலு வயது. மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது தலை பாதி வெளுத்துவிட்டது. இந்தத் தகவலைப் போனில் சொன்னால் போதாதா என்று அவரை யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் ஊருக்கு இருக்கவில்லை. அவர் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கோகிலவாணி விசைப்பலகையைப் பார்ப்பாள். எழுத்துகள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கும்.

பால்காரர் கதை நடந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, வேறு யாரும் வருவதற்கு முன்பே அவள் தனக்கென்று ஒன்று தட்டியிருந்தாள். "மருதாசலம் என்னிடம் கேட்டுவிடுவதென்று முடிவெடுத்தால்." கருவி நிரலை எழுதித் தந்தது. படித்ததும் காதுமடல் சுட்டது, பின்னால் சென்னியப்பன் செருமுகிற சத்தம் கேட்டது, சட்டென்று அதைப் பெட்டியில் ஏற்றித் திரையை மூடினாள். அதன்பின் நாளெல்லாம் போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தாள். மாசி போய்ப் பங்குனி வந்தது, சித்திரை வந்தது, வைகாசி வந்தது. ஊருக்கெல்லாம் போன் வந்தது, ஆத்தா கிளம்பினாள், மாமியார்கள் கிளம்பினார்கள், ஏழு கன்றுகளும் பிறந்தன. அவளுக்குப் பால்காரர் வந்ததைத் தவிர வேறு சேதி வரவில்லை. கருவி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆகவே அந்த மனிதர் தண்ணீர் குடிக்கத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் அவள் கவனித்தாள், ஆனால் கணக்கில் கொள்ளவில்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில், கம்பெனிக்கு நிறையப் பேர் வந்துபோனார்கள். திரும்பி வரும்போது எதிர்ப்படுகிறவர்கள் அவளைப் பார்த்து, வெற்றிலை போட்டவர்கள் மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு போனார்கள். சென்னியப்பனுக்குக் கருவியின் "கூப்பிடு" என்ற ஒரு கட்டளையும், காலி இடத்தில் நம்பர் எழுதுவதும் மட்டும் தெரியும். கூட்டம் தன்னைத் தொந்தரவு செய்யாமல் அவரிடம் முடித்துக்கொண்டு போகிறது, நல்லதுதான் என்று நினைத்தாள்.

ஆனி பிறந்ததும் மருதாசலத்துக்கு மாற்றல் வந்தது. கூடலூருக்கு. செவ்வாய்க்கிழமை கடைசி நாள் என்று தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார். "மலை ஊருங்க, மழை அதிகமாமுங்க" என்றார். "குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள். அவர் போனபின், முப்பத்தொன்பது வருஷத்தில் தான் பேசியதிலேயே மட்டமான வாக்கியம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நஞ்சப்பன் மொபெட்டை வாசலில் போட்டுவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். தன் போன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார், தறிக்காரர் ஒருவருக்கு மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கொரு தரம் தோன்றுகிறது, அது தோன்றலா நோயா என்று சந்தேகம் கேட்டார். கரண்ட் இல்லாததால் கம்ப்யூட்டரும் பெட்டியும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, கோகிலவாணி எண்ணிக்கைப் பட்டியலைத் திரைக்குக் கொண்டுவந்தாள். கருவி ஒவ்வொரு நிரலிலும் எண்ணிவைக்கிற வரி ஒன்றைப் போட்டுவைத்தாலும், போனே எல்லாம் சொல்லிவிடுவதால் அவள் அந்தப் பட்டியலை அதுவரை பார்த்ததே இல்லை. நஞ்சப்பனுடையது நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அதைத் தேடிக் கீழே போகும் வழியில், மேலிருந்து இரண்டாவது வரியில் அவள் கண் மாட்டிக்கொண்டது.

மருதாசலம் முடிவெடுத்தால்: நூற்றுப் பதினேழு.

அந்த நிரலைத் திறந்தாள். தலைப்பு சரி. அடைப்புக்குறி சரி. எண்ணுகிற வரி சரி. நடுவில், கருவி மாசி மாதத்தில் போட்டுவைத்த அதே குறிப்பு, போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. செய்ய வேண்டியதை இங்கே எழுதவும். ஊரெல்லாம் நம்பர் எழுதிக்கொடுத்தவள் தன்னுடையதில் எழுதவில்லை. அந்த மனிதர் நூற்றுப் பதினேழு தரம் முடிவெடுத்திருக்கிறார், பெட்டி நூற்றுப் பதினேழு தரம் தவறாமல் கூப்பிட்டிருக்கிறது, கூப்பிட்ட இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லாததால் ஒவ்வொரு தரமும் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறது. அவரைப்போலவே.

"அம்மிணி, என்னுதப் பாக்கறீங்களா இல்லீங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"லைன்மேனுக்கு இன்னிக்கு எங்க வேலை?"

நஞ்சப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். தறிக்காரரின் நோயை அத்தோடு மறந்தார். பிள்ளையார் கோயில் மேட்டில் கம்பி இழுக்கிறார் என்றும், லைன் கிளியர் வாங்கி ஊருக்கே கரண்டை நிறுத்தியிருக்கிறார் என்றும் சொல்லி, மொபெட் வேண்டுமா என்றும் ஒரே மூச்சில் கேட்டார். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். அடுத்து என்ன எழுதுவது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை, முதல் தடவையாக எட்டிப் பார்க்கிற வழியில், நச்சரிக்கிற வழியில் போய்க்கொண்டிருந்தாள்.

கரண்ட் இல்லாத செங்காட்டுப்பாளையத்தில் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அந்த ஊரில் ஒரு குருவி இறக்கையை உதறுவதும் கேட்கும். அவள் செருப்புச் சத்தம் தெருவுக்கு முன்னால் போயிற்று. மேட்டுக்குத் திரும்புகிற முக்கில் அவள் வரும்போதே கம்பத்தின் உச்சியில் ஒரு போன் அடித்தது. மருதாசலம் இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்தபடி, கட்டிங் பிளேயரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தார். "கோகிலவாணி உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்" என்ற சரோஜினி டீச்சரின் குரல், கீழே நின்ற மூன்று ஆடுகளுக்கும் கேட்டது. அவரும் மத்தியான நேரத்தில் ஒருநாள் கம்பெனிக்கு வந்து போயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இறங்க முடியாது. இழுத்த கம்பியைப் பாதியில் விட்டால் அது மேடு நெடுகச் சரிந்துவிடும். அவர் ஒரு கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கோகிலவாணி கம்பத்தடிக்கு வந்து நின்று, மேலே நிமிர்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நூத்திப் பதினேழு தடவ முடிவு பண்ணியிருக்கறீங்க. ஒரு தடவகூட வாயத் தொறக்க முடியலீங்களா?"

அவர் பிளேயரை வாயிலிருந்து எடுத்தார்.

"நூத்திப் பதினெட்டுங்க மேடம். இப்ப இந்தக் கம்பம் ஏறயில ஒண்ணு."

"சரி. அப்ப கேளுங்க."

அவர் கம்பியைப் பார்த்தார், கம்பியைத் தாங்குகிற பீங்கானைப் பார்த்தார், தூரத்துக் காற்றாலையைப் பார்த்தார். பதினோராயிரம் வோல்ட்டைக் கையால் தடவுகிற மனிதருக்கு நாக்கு எழவில்லை. ஆடுகள் மேய்வதை நிறுத்தியிருந்தன.

"கூடலூருக்கு வர்றீங்களா?" என்றார் கடைசியில், அவளிடமா கம்பத்திடமா என்று தெரியாத குரலில்.

"அங்க கரண்ட் இருக்குமுங்களா? எனக்குப் பெட்டி ஓடணும்."

"அதுக்குத்தான் நான் போறனில்லீங்களா."

அவள் சிரித்துவிட்டாள். "வர்றனுங்க" என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயைவிட்டு முழுதாக வெளியே வரவில்லை, மேட்டடியில் ஒரு போன் அடித்தது. பிறகு தெற்கு வீதியில் ஒன்று, சலூனில் ஒன்று, ரேஷன் கடையில் இரண்டு, தறிக் கொட்டகைகளில் வரிசையாக, வாய்க்காலுக்குள் நீச்சலடித்துக்கொண்டிருந்தவர்கள் கரையில் கழற்றிவைத்த வேட்டி மடிப்புகளில் ஐந்து, கோயில் பூசாரியின் தட்டில் ஒன்று, பெரிய ராக்கியண்ணன் வீட்டில் மருமகளுக்கு ஒன்று (அவள் துணி ஊறப்போட்டிருந்தாள், பதறி ஓடிவந்து எடுத்துப் பார்த்து, மாமனாரைத் திட்டிக்கொண்டே சிரித்தாள்), கோகிலவாணியின் அம்மா வீட்டு அடுப்படியில் ஒன்று. தறி ஓடாத நிசப்தத்தில் ஊரின் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்தன, எடுத்த காதிலெல்லாம் சரோஜினி டீச்சர், மாநில அளவில் முதலிடம் அறிவிக்கிற குரலில், "அந்தக் காரியம் முடிந்துவிட்டது" என்றார். சரோஜினி டீச்சரின் போனிலும் அவரே சொன்னார். மத்தியானம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து சென்னியப்பனிடம் பதிந்துவிட்டுப் போயிருந்தது அத்தனையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

சந்து பொந்திலிருந்தெல்லாம், தலை சீவி, பவுடர் போட்டு, ஊர் மேட்டை நோக்கி வந்தது. வந்தவர்கள் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை இழுத்த கம்பியை முடிச்சுப்போட்டு முடித்து இறங்க வேண்டும், அதுவரை நிற்பதைத் தவிர வழியில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு செங்காட்டுப்பாளையம் காத்திருந்தது. நஞ்சப்பன் மொபெட்டை மேட்டில் ஏற்றி நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு நாளில் விற்கிற டீயை அங்கேயே விற்றார். அவர் போன் ஓயாமல் அடித்தது, அவர் எடுக்கவில்லை, கண்ணெதிரில்தான் கை நீட்டிக்கொண்டிருந்தார்களே.

பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டிய கரண்ட் அன்று பதினொன்று நாற்பதுக்குத்தான் வந்தது. ஏன் இன்னும் வரவில்லை என்று அந்த நாற்பது நிமிஷத்தில் ஒருவர்கூடப் போன் போட்டுக் கேட்கவில்லை.